கறிக்கு இல்லாத உப்பு

என் அத்தானுக்கு உப்பே கூடாது என்று வைத்தியர் சொல்லவில்லை. "கொஞ்சம் குறைச்சுக்கொள்ளுங்கோ" என்றுதான் சொன்னார். நானும் கூடப் போயிருந்தேன். ஆனால் அத்தான் ஒரு கொம்பனியில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். குறைப்பதெல்லாம் கீழே வேலை செய்பவர்களின் காரியம், மேலே இருப்பவர் நிறுத்தத்தான் வேண்டும் என்பது அவருடைய கொள்கை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுமுன்னமே அக்காவுக்கு அறிவித்தார்.

"இண்டையிலயிருந்து இந்த வீட்டுச் சமையலில உப்பு இல்லை."

"உங்களுக்கு மட்டுமோ, எனக்குமோ?"

"வீட்டுக்கு எண்டால் வீட்டுக்கு."

அது தீபாவளிக்கு முந்திய கிழமை. ஆகவே அந்தத் தீபாவளிக்கு அவர்கள் வீட்டில் உப்பில்லாத உழுந்து வடை சுட்டார்கள். நானும் ஒன்று சாப்பிட்டேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அன்றிலிருந்து அக்கா பின்னேரங்களில் என் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வரத் தொடங்கினாள். ஒரே கட்டிடத்தில் அவர்கள் இரண்டாம் மாடி, நான் மூன்றாம் மாடி. தேத்தண்ணி ஒரு சாட்டு. என் குசினி அலுமாரியின் மேல்தட்டில் அவளுடைய தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தல் ஒன்று குடிவந்திருந்தது. வந்ததும் அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். அந்த நேரத்தில்தான் நான் தண்ணியைக் கொதிக்க வைப்பேன்.

எங்கள் கட்டிடம் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றின் கடைசியில் இருக்கிறது. எங்களுக்கும் கடலுக்கும் நடுவே மரைன் டிரைவும் றெயில் பாதையும் மட்டும்தான். பல்கனிக் கம்பிக்கு எத்தனை முறை பெயின்ற் அடித்தாலும் துருப்பிடிக்கும். ஜன்னல் கண்ணாடியைத் தொட்ட விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனிதர், உப்பை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டேன் என்று நம்பிக்கொண்டு வாழ்ந்தார்.

அவருக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒரே பதவி எங்கள் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் பதவி. ஓய்வுபெற்ற பிறகு அவரைக் கண்டு எழுந்து நின்றவர் வாசல் காவலாளி ஒருவர்தான். அவரும் தலைவர் என்பதற்காகத்தான் எழும்பினார். தனக்கு முந்திய தலைவருக்கு இப்போது உட்கார்ந்தபடிதான் தலையை ஆட்டுகிறார் என்பதை அத்தான் கவனித்திருந்தார். பதவி போனால் கதிரை தனக்குக் கிடைக்காது, காவலாளிக்குத்தான் கிடைக்கும் என்பது அவருக்கு விளங்கியிருந்தது. அவர் இரண்டு முறை போட்டியில்லாமல் வந்தவர். மூன்றாம் முறைக்கான தேர்தல் வருகிற ஆடியில் இருந்தது. இம்முறை ஐந்தாம் மாடிக்காரர் நிற்கப்போகிறார் என்று கதை அடிபட்டது.

ஐந்தாம் மாடிக்காரர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த வீட்டுக்காக வெள்ளவத்தைக்கு வந்தாரே தவிர, ஞாயிறு பூசைக்கும் தலைமயிர் வெட்டவும் இன்னும் கொட்டாஞ்சேனைக்குத்தான் போவார். அத்தான் அவரை "ஹாபர் ஆள்" என்பார். அந்த இரண்டு சொல்லிலும் அவர் ஏற்றுகிற இளக்காரத்தை அந்த ஹாபரில் நிற்கிற கப்பல்கள்கூடத் தாங்காது.

அத்தானின் ஆட்சியை அறிய விரும்புகிறவர்கள் லிப்டுக்குப் பக்கத்திலிருந்த அறிவித்தல் பலகையைப் பார்த்தால் போதும். "லிப்டில் கருவாடு கொண்டுசெல்லல் ஆகாது." "பல்கனியில் உள்ளாடை உலர்த்துவோர் வீதியிலிருந்து தெரியாதவாறு உலர்த்துக." தைப்பொங்கல் முடிந்த கிழமை இவற்றோடு இன்னொன்று சேர்ந்தது: "இக்கட்டிடத்தினுள் லஞ்ச் ஷீட் தடைசெய்யப்பட்டுள்ளது. உத்தரவின்படி, தலைவர்."

லஞ்ச் ஷீட் என்பது கடையில் சோற்றையோ இடியப்பத்தையோ சுற்றித்தரும் மெல்லிய பொலித்தீன் தாள். அதைத் தடைசெய்துவிட்டார்கள் என்று நான் பத்திரிகையில் வாசித்திருக்கிறேன். பிறகு இன்னொரு முறையும் வாசித்திருக்கிறேன். கடையில் அது இல்லாத நாளைத்தான் இன்னும் காணவில்லை. நாட்டில் நடக்காததைக் கட்டிடத்தில் நடத்திக் காட்டுவது என்று அத்தான் தீர்மானித்தார். பின்னேரத்தில் இடியப்பம் கொண்டுவருகிறவர் வாசலில் நிறுத்தப்பட்டார். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர்களும் கணக்காளர்களும் ஆளுக்கொரு சாப்பாட்டுக் கோப்பையை ஏந்திக்கொண்டு வாசலுக்கு இறங்கி வரிசையில் நின்றார்கள். வெளியார் பார்த்தால் ஏதோ நிவாரண முகாம் என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு நாள் லிப்டுக்குள், எல்லோருக்கும் கேட்கும்படி, ஐந்தாம் மாடிக்காரர் சாவகாசமாகக் கேட்டார்.

"தலைவர், தடை போட்டீங்க. நல்லது. இனி இடியப்பத்த எதுல சுத்துறது? நோட்டீஸ்லயா?"

லிப்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முதலாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ரீச்சர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். அவர்தான் சங்கப் பொருளாளர். அத்தானின் கட்சியில் உறுதியாக இருந்த வாக்கு அது. அந்த இருமல்தான் அத்தானை விஞ்ஞானியாக்கியது.

லஞ்ச் ஷீட்டுக்கு மாற்றாக, குப்பையில் போட்டால் உக்கி மண்ணாகிப்போகும் தாள் ஒன்றைத் தானே செய்வது, அதைத் தேர்தல் கூட்டத்தில் எல்லோர் கையிலும் கொடுப்பது என்று முடிவெடுத்தார். தாள் வருமுன் பெயர் வந்துவிட்டது: "உக்குந்தாள்." மரவள்ளி மாவைத் தண்ணீரில் கரைத்துப் பசைபோலக் காய்ச்சி, அக்காவின் சாப்பாட்டு மேசைக் கண்ணாடியில் மெல்லியதாகப் பூசிக் காயவிட்டார். மாசி மாதம் முழுவதும் அவர்கள் கோப்பையை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டார்கள். உப்பில்லாத சாப்பாட்டுக்கு மேசை எதற்கு என்று அக்காவும் விட்டுவிட்டாள்.

முதல் தாள் பார்க்கக் கண்ணாடி போலவே இருந்தது. மடித்தபோது கண்ணாடி போலவே உடைந்தது.

"இதில இடியப்பம் சுத்தேலாது," என்றாள் அக்கா. "ஜன்னலுக்கு வேணுமெண்டால் போடலாம்."

எனக்கு எதையும் ஒருமுறை தேடி வாசித்துப் பார்க்காவிட்டால் நித்திரை வராது. வாசித்த அளவில் விஷயம் இதுதான். மாப்பொருள் என்பது நீளமான சங்கிலிகளின் கூட்டம். தண்ணீர் இருக்கும்வரை சங்கிலிகள் ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு சும்மா கிடக்கும். தண்ணீர் வற்றியதும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு வளைத்தால் வளையாது, முறியும். பிடி தளர வேண்டுமானால் இடையில் யாராவது புகவேண்டும். கிளிசரின் புகும். மருந்துக்கடையில் சின்னப் போத்தலில் கிடைக்கும் அதே கிளிசரின்தான். அத்தான் அதை வாங்கிச் சேர்த்தார். தாள் ஓரளவு வளைந்தது, ஆனால் மூலையை மடித்தால் இன்னும் வெடித்தது.

அப்போதுதான் அவருக்குக் கைபேசியில் ஆங்கிலக் கட்டுரை ஒன்று அகப்பட்டது. மாப்பொருள் தாளில் உப்புச் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதைப் பற்றியது. சித்திரை வருஷப் பிறப்புக்குக் கைவிசேஷக் காசு வாங்கப் போன என்னை இருத்தி வைத்து அதை வாசித்துக் காட்டினார்.

"உப்புச் சேர்த்தால் தாளின்ர இழுபடும் தன்மை கூடுது. கேட்டீரோ? கூடுது!"

வசனம் அங்கே முடியவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். இழுபடும் தன்மை கூடும், தாளின் பலம் குறையும், காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும் என்று அது போய்க்கொண்டிருந்தது. அத்தான் கொம்பனிக்காலத்திலும் கடிதங்களை இப்படித்தான் வாசித்தவர். தனக்குப் பிடித்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடுவார்.

"அத்தான், மிச்சத்தையும் வாசியுங்கோ."

"மிச்சம் விபரம். விபரம் உங்கள மாதிரி ஆக்களுக்கு."

அந்த வருஷம் நாட்டில் உப்புக்குத் தட்டுப்பாடு. சுற்றிவரக் கடல். உப்போ கப்பலில் வரவேண்டியிருந்தது. இதற்கு மேல் ஒரு பகிடியை யாராலும் கற்பனை செய்ய முடியாது என்பதால் நானும் முயலவில்லை. அத்தானுக்கு வேறொரு சிக்கலும் இருந்தது. வெள்ளவத்தையில் அவரை அறிந்த ஒவ்வொரு கடைக்காரரிடமும் உப்பில்லாத வாழ்க்கையின் மேன்மையைப் பற்றி அவர் நின்று நிதானமாகப் பேசியிருந்தார். அந்தக் கடைகளில் போய் இப்போது உப்புக் கேட்க முடியாது. ஆகவே வெசாக் வெளிச்சக் கூடுகள் தெருவெங்கும் தொங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனார். மரவள்ளி மா வாங்கப் போவதாக அக்காவுக்குச் சொல்லப்பட்டது.

ஜிந்துப்பிட்டிப் பக்கம் திரும்பும் மூலையில் ஒரு பலசரக்குக் கடை. வரிசை வெளியே வரை நின்றது. எங்கள் முறை வந்தது.

"ஆளுக்கு ஒரு பக்கற்தாங்க," என்றார் கடைக்காரர்.

"ஓம் ஓம். எனக்கு ஒண்டு. இவர் என்ர மச்சான், இவருக்கு ஒண்டு. வேற வீடு, வேற அடுப்பு."

இரண்டு பக்கற்றும் வந்தன. அத்தான் நகரவில்லை.

"இன்னொண்டும் தாரும்."

"அது யாருக்குங்க?"

"என்ர மனிசிக்கு."

கடைக்காரர் அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "அவங்களும் வேற அடுப்பா?"

வரிசை சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள்ளிருந்து எனக்குத் தெரிந்த குரல் ஒன்று வந்தது. "குடுத்துடுங்க தம்பி. பாவம், எங்க தலைவரு. வீட்டுல உப்புக்கு ரொம்பத் தட்டுப்பாடு." பூசை முடிந்து, மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டோடு, எங்களுக்குப் பின்னால் ஐந்தாம் மாடிக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

அத்தான் உடம்பை நிமிர்த்தினார். "இது ஒரு ஆராய்ச்சிக்கு."

"ஆராய்ச்சிக்கா? அப்ப சரி. நா கறிக்குன்னு நெனச்சுட்டேன்."

திரும்பி வரும் வழியில் புறக்கோட்டை தாண்டும்வரை அத்தான் ஹோர்ன் அடித்துக்கொண்டே போனார். பிறகு, "அந்தாளுக்கு ஆராய்ச்சி எண்டால் என்னெண்டு தெரியுமோ?" என்றார். தெரியாது என்று சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்பதால் நான் சொல்லவில்லை.

உப்புப் போட்ட தாளை அத்தான் தன் படுக்கையறையில், ஏசியைப் போட்டுவிட்டுக் காயவைத்தார். ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், அது நன்றாக வந்தது. துவாய் மாதிரி மடிந்தது. இழுத்தால் கொஞ்சம் நீண்டு கொடுத்தது. மூலை வெடிக்கவில்லை. அத்தான் அதில் ஒரு கைப்பிடி பருப்பைக் கட்டித் தூக்கிக் காட்டினார். அக்காவைக் கூப்பிட்டார். நானும் கை தட்டினேன்.

அவருடைய கெட்ட காலம், மிகவும் காய்ந்த இரண்டொரு தாள்களில் மேலே வெள்ளையாக மெல்லிய பொடி பூத்திருந்தது. கரைந்து போன உப்பு, தாள் காயக் காய இருக்க இடமில்லாமல் வெளியே வந்து உட்கார்ந்திருந்தது. அக்கா குனிந்து பார்த்தாள். சுண்டுவிரலால் தொட்டாள். நாக்கில் வைத்தாள். தீபாவளியிலிருந்து அந்த வீட்டுக்குள் அந்த ருசியை அவள் கண்டதில்லை.

"இஞ்சருங்கோ. இது என்ன?"

"அது... அது ஒரு சேர்வை. கட்டுரையில இருக்கு."

"உப்பு."

"விஞ்ஞானத்தில உப்பு எண்டால் அது வேற. அது ஒரு பொதுப் பெயர். எத்தனையோ உப்பு இருக்கு."

"இது எங்கட உப்பு," என்றாள் அக்கா. இன்னொரு முறை தொட்டு நக்கி உறுதிப்படுத்திக்கொண்டாள். "ஏழு மாசமா எனக்குக் கறிக்கு உப்பில்லை. உங்கட பொலித்தீனுக்கு உப்பு!"

"பொலித்தீன் இல்லையப்பா, உக்குந்தாள்."

"நான்தான் இஞ்ச உக்கிக்கொண்டிருக்கிறன்."

அவள் அதற்கு மேல் கத்தவில்லை. கத்தியிருந்தால் அத்தானுக்கு நல்லதாக இருந்திருக்கும்.

வைகாசிக் கடைசியில் தென்மேற்குக் காற்றுத் தொடங்கியது. அத்தான் தாளைப் பொருளாளர் ரீச்சருக்குக் காட்டுவதற்காக ஏசி அறையிலிருந்து முதலாம் மாடிக்குக் கொண்டுபோனார். படி இறங்கும்போது தாள் தாளாகத்தான் இருந்தது. ரீச்சர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தபோது அது நனைந்த கைலேஞ்சித் துணி மாதிரித் தொங்கியது. காய்ச்சல்காரனின் உள்ளங்கை போல ஒட்டியது. ரீச்சர் நல்லவர், "மெதுமையா இருக்கு" என்றார்.

இதுதான் கட்டுரையின் வாசிக்கப்படாத பாதி. உப்பு, தாளை இளக வைப்பது தன் சாமர்த்தியத்தால் மட்டுமல்ல, அது காற்றிலிருந்து தண்ணீரைக் கூப்பிட்டு உள்ளே இருத்துகிறது. அந்தத் தண்ணீரும் சேர்ந்துதான் சங்கிலிகளின் பிடியைத் தளர்த்துகிறது. காய்ந்த அறையில் அளவாகத் தளர்த்தும். கடலோரத்தில், மழைக்காலத்தில், விட்டால் போதும் என்று அவிழ்த்துவிடும். ஆகவே உப்புப் போட்ட தாளுக்குத் தனக்கென்று ஒரு குணம் கிடையாது. அது நிற்கிற இடத்தின் குணம்தான் அதன் குணம். இப்படிப்பட்ட மனிதர்கள் சிலரை எனக்குத் தெரியும். எங்கள் சங்கத்தின் செயற்குழுவிலேயே இருந்தார்கள்.

அத்தான் தளரவில்லை. இன்னொரு கட்டுரையை எடுத்தார். கல்சியம் சேர்ந்த உப்பு தாளைப் பலப்படுத்தும், தண்ணீரில் கரையாமல் காக்கும் என்று அதில் இருந்தது. இருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கட்டுரை மரவள்ளி மாவைப் பற்றியதல்ல, கடற்பாசியிலிருந்து எடுக்கும் பசையைப் பற்றியது. கடற்பாசிச் சங்கிலிகளைக் கல்சியம் ஒன்றோடொன்று கொளுவிக் கட்டும். மாப்பொருளில் அதற்குக் கொளுவ இடமில்லை. மாப்பொருளுக்குள் அது இன்னும் மோசமான தண்ணீர்த் தாகத்தோடு வந்து குந்திக்கொள்ளும். நான் இதைச் சொன்னேன். "கல்சியம் எலும்பையே பலப்படுத்துது, தாளைப் பலப்படுத்தாதோ?" என்று கேட்டார். 

கல்சியங் குளோரைட்டை எங்கே வாங்குவது என்று தேடியவர், அதை வீட்டிலேயே கண்டுபிடித்தார். கொழும்பில் அலுமாரிக்குள் உடுப்புப் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க வைப்பார்களே, ஈரம் உறிஞ்சும் பிளாஸ்ரிக் பெட்டி, அதன் பக்கவாட்டில் அந்தப் பெயர் எழுதியிருந்தது. அக்காவின் கூறைச்சேலைக்குப் பக்கத்திலிருந்த பெட்டியை எடுத்து உடைத்துக் குருணியைக் கொட்டிக் காய்ச்சினார். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் என்று மூன்று மொழியில் மூடியில் எழுதியிருந்த சாமானை, ஈரத்தால் கெட்டுப்போகும் தாளுக்குள் போட்டவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அந்தத் தாள் காயவேயில்லை. மேசைக் கண்ணாடியில் கிடந்து நாள் முழுக்க வியர்த்தது. அத்தான் துடைக்கத் துடைக்க வியர்த்தது. வெள்ளவத்தையின் காற்று முழுவதும் அந்த மேசைக்கு வந்து இறங்குவதுபோல இருந்தது. மூன்றாம் நாள் அக்கா அதைத் துடைப்பத்தால் வழித்தாள்.

ஆனியில் அத்தான் கறியுப்புக்குத் திரும்பினார். இப்போது அவருடைய இலட்சியம் சுருங்கியிருந்தது.

"ஒரு மணித்தியாலம் தாங்கினால் காணும். கூட்டம் முடிஞ்சு வாக்கெடுப்பு நடக்குமட்டும். பிறகு உக்கட்டும். உக்கிறதுக்குத்தானே செய்தது."

ஆடிவேல் திருவிழாவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பொதுக்கூட்டம். எங்கள் கட்டிடத்தில் மண்டபம் கிடையாது, கீழே வாகனத் தரிப்பிடத்தில்தான் கதிரை போடுவார்கள். கடல்காற்று ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் போகும். பகலில் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. அத்தான் படுக்கையறையில் ஏசிக்குள் இருந்தபடி, சூடான இடியப்பத்தையும் சம்பலையும் உக்குந்தாள்களில் அழகாகச் சுற்றினார். நானும் சுற்றினேன். அக்கா இடியப்பத்தை அவித்துக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் கல்யாண வீட்டுப் பலகாரப் பை மாதிரி மினுங்கியது. கடதாசிப் பெட்டிகளில் அடுக்கிக் கீழே இறக்கினோம்.

கூட்டம் தொடங்கியது. அத்தான் உலகத்துச் சமுத்திரங்களைப் பற்றிப் பேசினார். கடலாமைகளைப் பற்றிப் பேசினார். உள்ளே இடியப்பத்தின் ஆவி, வெளியே ஆடிக்காற்று, நடுவே உப்புத் தாள். அவர் ஆமையிலிருந்து திமிங்கிலத்துக்குப் போகாமல் அங்கேயே நிறுத்தியிருந்தால் தப்பியிருப்பார். போனார். ஒருவழியாக முடித்து, "இப்ப இந்தப் பார்சலை உங்கட கையிலயே தாறன்" என்று விநியோகித்தார்.

எல்லோரும் பார்சலை மடியில் வைத்துக் குனிந்தார்கள். பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, பிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்பது ஒவ்வொருவராக விளங்கியது. தாள் இளகி, வழுவழுத்து, இடியப்பத்தோடு இடியப்பமாகச் சேர்ந்துவிட்டிருந்தது. பசி வந்தவர்கள் அப்படியே பிய்த்துச் சாப்பிடத் தொடங்கினார்கள். மரவள்ளி மாதானே, கெடுதல் ஒன்றுமில்லை என்று நானும் சாப்பிட்டேன்.

"தலைவர்," என்று பின்வரிசையிலிருந்து ஐந்தாம் மாடிக்காரர் எழும்பினார். கையில் பார்சல். "தாள் எங்க?"

"உங்கட கையில இருக்கே."

"கையில இடியப்பந்தான் இருக்கு. தாளு உள்ள போயிருச்சு."

"அதுதான் அதின்ர சிறப்பு. அது உக்கும். சுற்றாடலுக்குத் தீங்கில்லை. சாப்பிட்டாலும் தீங்கில்லை."

"ஆங், அது நல்லது. இன்னும் ஒண்ணே ஒண்ணு, தலைவர். இதுல உப்பு எவ்வளவு?"

அத்தான் பெட்டியில் மிச்சமிருந்த பார்சல்களை எண்ணத் தொடங்கினார். எங்கள் கட்டிடத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். அந்தத் தரிப்பிடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பிரஷர் இல்லாதவர் யாராவது இருந்தால் அவர் காவலாளிதான். மற்ற எல்லோருடைய சேட்டுப் பையிலும் ஹான்ட்பாக்கிலும் குளிசை இருந்தது. காலையில் மரைன் டிரைவில் நடக்கும்போது அவர்கள் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்வதில்லை, மேல் இலக்கத்தையும் கீழ் இலக்கத்தையும் சொல்வார்கள்.

பொருளாளர் ரீச்சர் மெல்லுவதை நிறுத்தினார். "உப்போ? என்ன உப்பு?"

"அது விஞ்ஞானத்தில ஒரு பொதுப் பெயர், ரீச்சர்..."

"கொட்டாஞ்சேனையில வாங்கின பொதுப் பெயரு," என்றார் ஐந்தாம் மாடிக்காரர். "மூணு பக்கற். நா பின்னாலதான் நின்னேன். ஊரெல்லாம் உப்புக்கு அலையுது, நம்ம தலைவரு வாங்குறாரே, வீட்டம்மாவுக்கு இரக்கப்பட்டாராக்கும்னு நெனச்சேன்."

"ஐயோ கடவுளே, நான் ரெண்டு பார்சல் திண்டிட்டன்!" என்றார் ரீச்சர். அவருடைய குரலில் தேர்தல் முடிந்துவிட்டது. "எனக்கு நேற்றுத்தான் டொக்டர் பிரஷர் கூட எண்டு சொன்னவர்."

"நான் அப்பவே நினைச்சன், இண்டைக்கு இடியப்பம் என்ன இப்பிடி ருசியா இருக்கெண்டு," என்று இன்னொருவர் துக்கத்தோடு சொன்னார்.

"எங்க கொட்டாஞ்சேனைப் பக்கம் மரம் தேய்க்கிற தாளுக்கு உப்புத்தாள்னு பேரு," என்றார் ஐந்தாம் மாடிக்காரர் உட்காரும்போது, யாருக்கும் குறிப்பாக அல்லாமல். "தலைவரு அதையே திங்கிற மாதிரிச் செஞ்சிட்டாரு. கெட்டிக்காரருதான்."

அந்தச் சிரிப்பு ஓயக் கொஞ்சநேரம் எடுத்தது. சிலர் சிரித்துக்கொண்டே கையை உதறினார்கள், சிலர் வாய் கொப்பளிக்கப் போனார்கள். வாக்கெடுப்பில் கைகளை எண்ணத் தேவை ஏற்படவில்லை. அத்தானுக்காக நான் கை தூக்கினேன். தூக்கிய கையில் தாள் ஒட்டியிருந்தது. திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவள் இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டு, பார்சலைக் கடைசிவரை, ஆறுதலாக, விரலை நக்கிச் சாப்பிட்டு முடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அறிவித்தல் பலகை வெறுமையாக இருந்தது. புதுத் தலைவரின் முதலாவது அறிவித்தல் அடுத்த நாள்தான் வந்தது: "லிப்டில் கருவாடு கொண்டுபோகலாம். பையைக் கட்டிக்கொண்டு போகவும்." அத்தான் பேப்பர் வாங்கக் கீழே போனார். காவலாளி உட்கார்ந்தபடியே தலையை ஆட்டினார். நல்ல மனிதர், புன்னகையும் செய்தார். அத்தான் அன்றிலிருந்து பேப்பரை மேலே போடச் சொல்லிவிட்டார்.

ஆடிவேல் ஊர்வலம் போய் முடிந்த மறுநாள், மத்தியானம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாப்பாட்டு மேசை மேசையாக இருந்தது. படுக்கையறைக் கதவு திறந்து கிடந்தது, ஏசி நின்றிருந்தது. அதற்குள் அடுக்கி வைத்திருந்த மிச்சத் தாள்களைக் காணவில்லை.  சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, பயற்றங்காய், சொதி. சொதி வழக்கத்தைவிடத் தடிப்பாக இருந்தது, கரண்டியில் நின்று ஆறுதலாக வழிந்தது.

அத்தான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். முதல் வாய்க்குப் பிறகு கொஞ்சம் நிறுத்தினார். பிறகு இன்னும் சொதி விட்டுக்கொண்டார். பிறகு இன்னும். கோப்பையை வழித்து முடித்த பிறகுதான் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

"இஞ்சரும், சொதிக்கு உப்புப் போட்டனீரோ?"

அக்கா சட்டியை மூடினாள்.

"நான் போடேல்லை," என்றாள். "எல்லாம் நீங்கள் போட்டதுதான்."